ஒரு கையில் தூக்கும் பெட்டி

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீ, அண்ணி, சின்னவன், அம்மா எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆப்பரேஷன் ஆன கண்ணால் அம்மாவுக்கு இப்போது பேப்பர் படிக்க முடிகிறதா?

கடிதத்தைப் பார்த்ததும் சிரித்திருப்பாய். வாயாடிக்கு என்ன வந்தது, போனை விட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்திருக்கிறாளே என்று. தொண்டையில் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறதாம். "படிக்கிற வேலைக்கு மட்டும் வாயைத் திறங்க, மத்த நேரம் மூடியே வையுங்க" என்று டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை. அம்மாவிடம் சொல்லிவிடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். ஒலிநூல் நிறுவனத்துக்கு நாவல் வாசித்து அனுப்புகிறேன் அல்லவா, அதில் நான்கு அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே பதிவுகளைக் கேட்டுச் சோதிக்கிற ஒருவர் இருக்கிறார். பெரிய காது என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர் எழுதுகிறார்: "காதலி ரகசியம் சொல்லும் இடத்தில் அவள் உதடு அசைவதுகூடக் கேட்கவில்லை. அடுத்த பக்கத்தில் மாமனார் கத்தும்போது ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன்." கம்ப்ரசர் என்று ஒன்று வாங்கி வைத்தால் சரியாகும் என்கிறார். கணினியிலேயே செய்யும் மென்பொருளை ஏற்றிப் பார்த்தேன். என் கணினி கிழட்டு எருமை மாதிரி அப்படியே படுத்துக்கொண்டது. ஆகவே பெட்டியாகத்தான் வாங்க வேண்டும். இருபது வருஷமாக ஸ்டுடியோவில் இதற்குள்ளேயே கிடக்கிறாய். என் சம்பாத்தியத்துக்குக் கட்டுப்படியாகும் பெட்டி எது என்று நீதான் சொல்ல வேண்டும்.

அம்மா எப்போது திரும்பி வருகிறாள்? கண் ஆப்பரேஷனுக்கு என்று போனவள், அங்கேயே வேர் விட்டுவிட்டாளா? வீடு பெரிதாகத் தெரிகிறது.

அன்புடன்,
வாயாடி


பிப்ரவரி 19

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கண் தெளிந்துவிட்டது. சின்னவன் காதில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் படிப்பாள் போலிருக்கிறது. உன் தொண்டையைப் பார்த்துக்கொள். வெந்நீர் குடி. வீம்புக்குப் பேசாதே.

கம்ப்ரசர் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. கண்டிப்பான வாத்தியார் என்று வைத்துக்கொள். எகிறுகிறவன் தலையில் ஒரு குட்டு வைப்பார். பிறகு மொத்த வகுப்பையும் சத்தமாகச் சொல்ல வைப்பார், அப்போது முணுமுணுக்கிறவன் குரலும் கேட்கும். நான்கு திருகு இருக்கும். எந்த அளவுக்கு மேல் போனால் குட்டுவது, எவ்வளவு பலமாகக் குட்டுவது, எவ்வளவு சீக்கிரம் கையை ஓங்குவது, எவ்வளவு நேரம் கழித்துக் கையை எடுப்பது. அவ்வளவுதான்.

ஆனால் ஓர் ஆபத்து இருக்கிறது. முணுமுணுப்பைத் தூக்கும்போது அந்தப் பெட்டி அறையையும் சேர்த்துத் தூக்கிவிடும். மின்விசிறி, குழாய், பக்கத்து வீட்டு டிவி, பசியில் உன் வயிறு போடும் சத்தம், எல்லாம் கதைக்கு நடுவில் வந்து சப்பணம் போட்டு உட்காரும். அதனால் பெட்டியைப் பற்றி முடிவு செய்யும் முன் அறையைப் பற்றி எழுது. நீளம், அகலம், உயரம், சுவரில் விரிசல் உண்டா, எந்தப் பக்கத்திலிருந்து என்ன சத்தம் வருகிறது, ஒன்று விடாமல் எழுது. கடையில் என்னென்ன பெட்டி இருக்கிறது என்றும் பார்த்துவை.

அம்மாவை இந்த வெயிலில் அனுப்ப மனமில்லை. பிறகு பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் எல்லோர் நலமும் அறிய ஆவல். தொண்டை அப்படியே இருக்கிறது. பால்காரர் நான் அவரோடு சண்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பின்னறையை அளந்துவிட்டேன். தையல் டேப்பால்தான் அளந்தேன், சிரிக்காதே. பதினான்கடி நீளம், பதினோரடி அகலம். உயரம் பத்தடிக்கு இரண்டு விரல் குறைவு. விரிசல் இல்லை. சத்தத்தின் கதை வேறு. சமையலறைக் குழாயை மூடினால் இந்த அறைச் சுவருக்குள் யாரோ முழங்காலால் உதைப்பதுபோல 'டொக்' என்று கேட்கிறது. முன்னறையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அம்மாவே இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. ஹெட்போன் போட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது. வாசிக்கும்போது குழாய்ப் பக்கமே போவதில்லை.

கடையில் மூன்று பார்த்தேன். ஒன்றில் முன்பக்கம் சின்னக் கண்ணாடி ஜன்னல், உள்ளே டியூப் செக்கச்செவேல் என்று எரிகிறது, பார்க்கவே குளிர் காயலாம் போலிருக்கிறது. இரண்டாவது, யாரோ பயன்படுத்திவிட்டு விற்றது. இரும்புப் பெட்டி. முள் ஆடும் மீட்டர். தூக்க நானும் கடைக்காரரும் சேர்ந்து மூச்சுப் பிடிக்க வேண்டியிருந்தது. அதன் வழியாக ஒரு பக்கம் வாசித்துக் கேட்டேன். அண்ணா, என் குரல் அவ்வளவு நிதானமாக இருந்து நான் கேட்டதே இல்லை. மூன்றாவது, டிபன் பாக்ஸ் மாதிரி ஒன்று. நான்கு திருகு, ஒரு சின்ன விளக்கு. குறை சொல்ல ஒன்றுமில்லை, புகழவும் ஒன்றுமில்லை.

என் மனசு இரண்டாவதில் நிற்கிறது. இன்னொன்றும் யோசிக்கிறேன். மரச்சட்டம் அடித்து உள்ளே பஞ்சு திணித்துத் துணி போர்த்தி நான்கு சுவரிலும் பதித்துவிட்டால் எதிரொலி இருக்காது என்று தச்சர் சொல்கிறார். செய்துவிடட்டுமா? செய்தால் ஆயுசுக்கும் இருக்கும்.

அம்மா வர இன்னும் நாளாகுமா?

அன்புடன்,
வாயாடி


ஏப்ரல் 1

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை கழுத்தைப் பிடிக்கிறது.

முதல் பெட்டியைத் தொடாதே. அந்த டியூப் பாதி அலங்காரம். சிவப்பாகத் தெரிய வேண்டும் என்று பின்னால் சின்ன விளக்கு வைத்திருப்பார்கள். உள்ளே வேலை செய்வது வேறு. மேக்கப்புக்குக் காசு கொடுக்காதே.

இரண்டாவது நல்ல ஜாதிப் பெட்டி, இல்லையென்று சொல்லமாட்டேன். உள்ளே ஒளியை வைத்து அடக்குகிற வகை. குட்டுவதே தெரியாமல் குட்டும். குரலுக்கு அதைவிட நல்லது கிடையாது. இருந்தாலும் உனக்கு வேண்டாம். கனம். கெட்டுப்போனால் பாகம் கிடைக்காது. மூன்றாவதையே எடு. ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். நம்மைப் போன்றவர்களுக்கு அது போதும்.

சுவரில் ஆணி அடிக்கிற வேலை இப்போது வேண்டாம். அதில் பணத்தைப் போடாதே. பிறகு பார்க்கலாம்.

மற்ற அறைகளையும் அளந்து அனுப்பு. சத்தம் எந்தச் சுவர் வழியாக நடந்து வருகிறது என்று மொத்த வீட்டையும் பார்த்தால்தான் தெரியும். பகல் வெளிச்சத்தில் போட்டோவும் எடு, எல்லா அறையும். வெளியே தெருவிலிருந்து ஒன்று, மாடியிலிருந்து ஒன்று.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நீ கேட்ட அளவுகளும் போட்டோக்களும் இதோடு இருக்கின்றன. தெருவிலிருந்து எடுப்பதற்காக வாசலைக் கழுவி, உதிர்ந்த இலையைக் கூட்டி, ஜன்னல் திரையைக்கூட மாற்றினேன். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால்கூட இவ்வளவு ஜோடித்திருக்க மாட்டோம். மாடியில் நீ சைக்கிள் பெயின்ட்டால் கிறுக்கிய இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதையும் எடுத்திருக்கிறேன். சின்னவனுக்குக் காட்டு.

ஆனால் உன்னோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. குரலுக்கு அதைவிட நல்லது கிடையாது என்று நீயே எழுதுகிறாய், அடுத்த வரியில் வேண்டாம் என்கிறாய். கனமாக இருந்தால் என்ன? ஒருமுறை மேஜைமேல் ஏற்றிவிட்டால் அது அங்கேயே இருந்துவிட்டுப் போகிறது. நான் எங்கே போகப்போகிறேன், ஒரு கையில் தூக்கிக்கொண்டு? சுவர்ச் சட்டத்துக்கும் 'பிறகு', அம்மா வருவதற்கும் 'பிறகு'. எங்கள் அண்ணன் பிறகுக்குப் பிறந்தவன் என்று தச்சரிடம் எழுதிக் காட்டினேன்.

அண்ணி ஏன் ஓரத்தில் இரண்டு வரி எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்? என்மேல் ஏதாவது வருத்தமா? அம்மாவைத் தன் கையால் ஒரு வரி எழுதச் சொல். கண்தான் சரியாகிவிட்டதே.

அன்புடன்,
வாயாடி


மே 14

வாயாடிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நீ ஆசைப்பட்டதால் சொல்கிறேன். ஒளி வகைப் பெட்டியே ஒன்று, ஆனால் சின்னது, விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். மேடைக்கு ஒலி அமைப்பு வாடகைக்கு விடுகிற ஒருவர், ஊர்க்கோடியில் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே கடை வைத்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போய்ப் பார். பழைய பெட்டி வாங்கும்போது ஒவ்வொரு திருகையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருகிக் கேள். கரகர என்றால் வேண்டாம். முழுச் சத்தத்தில் வைத்து ஒன்றும் பேசாமல் கேள். தேனீ மாதிரி ரீங்காரம் வந்தால் வேண்டாம். அவசரப்படாதே. மத்தியானம்வரை இருந்து நிதானமாகப் பார்த்துவிட்டு வா.

ரீங்காரம் வீட்டு மின்சாரத்திலிருந்தும் வரலாம். அதனால் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அன்றைக்கே ஆள் அனுப்புகிறேன். சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போ.

அண்ணன்


மே 20

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

சனிக்கிழமை போனேன். இரண்டு பேருந்து மாறி, வெயிலில் நாக்கு வறண்டு போய்ச் சேர்ந்தேன். ஒலி அமைப்புக்காரர் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார். நான் பேசக்கூடாது என்பதால் சீட்டில் எழுதிக் காட்டினேன். அவரும் என்னிடம் சைகையிலேயே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவருக்குத் தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது, பாவம்!

பெட்டியைக் காட்டினார். திருகினேன், கரகர இல்லை. கேட்டேன், ரீங்காரம் இல்லை. என்ன விலை என்று எழுதினேன். அவர் சைகையை விட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இது விக்கிறதுக்கு இல்லம்மா. எங்க தொழிலுக்கு வேணுமே."

அப்படியென்றால் ஏன் வரச் சொன்னீர்கள் என்று எழுதினேன்.

"உங்க அண்ணன்தான் சொன்னாரு. தங்கச்சி வரும், சும்மா காட்டுங்க, மத்தியானம் வரைக்கும் உக்கார வச்சுக்குங்கன்னு. நானும் நீங்க கத்துக்க வர்றீங்கன்னு நெனச்சேன்."

உனக்கும் அவருக்கும் இடையில் எங்கோ குழப்பம். பரவாயில்லை. ஆனால் திரும்பி வந்து சாவி வாங்கும்போது எதிர்வீட்டு அக்கா சொன்னார்: "எர்த்து பாக்க மூணு பேரு வந்தாங்க. கைக்குழந்தையோட ஒரு பொண்ணு வேற. சமையல்கட்டுல நின்னு, இங்க ஃபிரிட்ஜ் வைக்கலாம்னு பேசிக்கிட்டிருந்தாங்க."

எர்த் பார்க்க யாராவது கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்களா அண்ணா? சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனாலும் கேட்கிறேன். யார் அவர்கள்?

சீக்கிரம் எழுது.

வாயாடி


ஜூன் 11

அண்ணன் அவர்களுக்கு,

நலம்.

என் போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பதில் நேற்றுக் காலை தானாகவே நடந்து வந்தது.

பின்னறையில் வாசித்துக்கொண்டிருந்தேன். அழைப்பு மணி அடித்தது. பாதி வாக்கியத்தில் எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், பக்கத்தில் அவள் கணவர். அவள் சிநேகமாகச் சிரித்தாள்.

"மன்னிச்சுக்குங்க, சொல்லாம வந்துட்டோம். அலமாரி செய்யக் கொடுக்கணும், அளவு ஒண்ணு பாக்கணும். நீங்க... வாடகைக்கு இருக்கிறவங்களா?"

டாக்டர் சொன்னதெல்லாம் மறந்துபோனது. "இது எங்க வீடு" என்றேன். வாசிப்பதைத் தவிர எத்தனையோ நாளாக வீட்டில் யாரோடும் பேசாத குரல், எனக்கே யாரோ பேசுவதுபோல இருந்தது.

அவர் முகம் மாறியது. "ஓனர் ஜூலைக்குள்ள காலி பண்ணிக் கொடுத்துடுவேன்னு சொன்னாரே. வீட்டை விக்க அட்வான்ஸும் வாங்கிட்டாரே."

"எந்த ஓனர்?"

அவர் உங்கள் பெயரைச் சொன்னார். அப்போதும் நான் நம்பவில்லை. பெயர் ஒன்றாக இருக்கும், வீடு மாறி வந்திருப்பார்கள் என்று என் புத்தி எதையெதையோ பிடித்துக்கொண்டு தொங்கியது. அந்தப் பெண்தான் அதையும் அறுத்துவிட்டாள்.

"பின்னாடி ரூம்ல, குழாயை மூடினா சுவத்துக்குள்ள டொக்குன்னு உதைக்குமாமே. அதை மட்டும் சரி பண்ணிக் கொடுத்துடறேன்னு சார் சொல்லியிருக்காரு."

அந்தச் சத்தம் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி கேட்டவள். இன்னொருவருக்கு அவள் எழுதினாள்.

அவர்களை உட்காரச் சொன்னேன். அலமாரிக்கு அளவு எடுக்க டேப் இல்லை என்றார்கள். என் தையல் டேப்பையே கொடுத்தேன். அவர்கள்மேல் என்ன தப்பு? போகும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா" என்றாள். அம்மா அங்கே வந்த இந்த ஏழு மாதமாக என்னை அக்கா, தங்கை, மகள் என்று உரிமையோடு கூப்பிடுகிற ஒருத்தரும் பக்கத்தில் இல்லை. கடைசியில் கூப்பிட்டவள் அவள்தான்.

பிறகு உங்கள் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். கனம் வேண்டாம். ஆணி வேண்டாம். அதில் பணம் போடாதே. ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. ஒரு வரியிலாவது பொய் இருக்கிறதா என்று தேடினேன். என் குரலுக்கும் அறைக்கும் நிலைமைக்கும் நீங்கள் சொன்ன அத்தனையும் சரி. இவ்வளவு சரியான யோசனை எதிரிகூடச் சொல்லமாட்டான்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். வீடு அம்மா பெயரில் இருக்கிறது. அம்மாவை ஏமாற்றினீர்களா, இல்லை அம்மாவுக்குத் தெரியுமா?

தங்கை


ஜூலை 3

அன்புள்ள வாயாடிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். 'நீங்கள்' என்று எழுதியிருந்தாய். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அம்மாவுக்குத் தெரியும். ஜனவரியிலேயே வீட்டை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டாள். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் உன் முதல் கடிதம் வந்தது. தொண்டையில் முடிச்சு என்று எழுதியிருந்தாய். இந்த நேரத்தில் அதிர்ச்சி வேண்டாம் என்று ஒத்திப்போட்டேன். அப்புறம் ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கிடைத்தது.

என் பக்கத்தையும் கேள். இருபது வருஷம் இன்னொருவர் ஸ்டுடியோவில் இன்னொருவர் பெயரில் உழைத்தேன். தலை நரைத்துவிட்டது. இப்போது விட்டால் எப்போதும் இல்லை. சொந்தமாக ஒரு ஸ்டுடியோ எடுத்திருக்கிறேன். சின்னதுதான், ஆனால் கச்சிதமானது. சுவரெல்லாம் பஞ்சுச் சட்டம் பதித்தாகிவிட்டது. நீ ஆசைப்பட்ட அதே வகை, அந்த இரும்புப் பெட்டி, முள் மீட்டர், ஒன்றுக்கு இரண்டாக வாங்கிவைத்திருக்கிறேன்.

மாடியில் ஓர் அறை உனக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். வந்துவிடு. கீழே வந்தால் மைக். ஒலிநூல் வேலை அத்தனையும் இங்கிருந்தே செய்யலாம். உனக்குக் கெட்டது நடக்க விடுவேனா? நீ வந்து பார்த்தால் என் நோக்கம் புரியும்.

எர்த் விஷயத்தில் நான் செய்தது தப்பு. ஒப்புக்கொள்கிறேன்.

என்றும் உன்,
அண்ணன்


ஜூலை 21

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நல்லா இருக்கியா? வேளாவேளைக்குச் சாப்பிடு. தொண்டைக்கு இப்ப எப்படி இருக்கு? எங்கிட்ட மறைச்சுட்டியே. அண்ணன்தான் சொன்னான்.

அவன்மேல கோவப்படாத. நான்தான் எழுதிக் கொடுத்தேன். யாரும் கையைப் பிடிச்சு எழுத வைக்கல. அவனுக்குக் குடும்பம் இருக்கு, புள்ளையப் படிக்க வைக்கணும். நீ ஒத்த ஆளு. எங்க போனாலும் பொழச்சுக்குவ. உன் சாமர்த்தியம் அவனுக்கு இல்ல. அது எனக்குச் சின்ன வயசுலயே தெரியும்.

முன்னாடியே சொல்லியிருக்கலாம். சொன்னா நீ சண்டை போடுவ, இல்லன்னா அழுவ. ரெண்டையும் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. உங்க அண்ணி மட்டும் தப்பு தப்புன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. அவகூடப் பேச்சே குறைஞ்சு போச்சு.

ஆகஸ்டு கடைசியில ஸ்டுடியோ திறக்கிறான். வந்துடு. நடந்தது நடந்து போச்சு. ஒரு தடவை போன் பண்ணும்மா. உன் குரலைக் கேக்கணும்போல இருக்கு.

அம்மா


செப்டம்பர் 18

அண்ணன் அவர்களுக்கும் அம்மாவுக்கும்,

நலம்.

ஜூலை கடைசியில் வீட்டை ஒப்படைத்துவிட்டேன். வாங்கியவர்கள் இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போங்கள் என்றார்கள். அவர்கள் நல்லவர்கள். அதனாலேயே இருக்க முடியவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் விவாகரத்தாகி ஒரு சூட்கேஸோடு அந்த வாசலில் வந்து நின்றபோது, "உள்ள வா, இங்கேருந்து உன்னை எழுப்ப ஒருத்தனும் கிடையாது" என்று சொன்னது அம்மாதான். இப்போதும் எழுப்பியது வெளியாள் இல்லை என்பதால் அம்மா சொன்ன சொல் தவறவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

நான் இப்போது ஓர் அச்சகத்துக்கு மேலே இரண்டு அறை எடுத்திருக்கிறேன். பகல் முழுவதும் தரை அதிர்கிறது. அவர்கள் சாப்பிடப் போகிற நேரத்திலும், மாலை இயந்திரத்தை நிறுத்திய பிறகும் வாசிக்கிறேன். துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு வாசித்தால் எதிரொலி இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் யாரோ அலமாரியோடு சண்டை பிடிப்பதுபோல இருக்கும்.

டிபன் பாக்ஸ் பெட்டியைத்தான் வாங்கினேன். நீங்கள் சொன்னது சரி. ஒரு கையில் அதையும் இன்னொரு கையில் மைக்கையும் தூக்கிக்கொண்டுதான் படியிறங்கினேன். இரும்புப் பெட்டியாக இருந்தால் திண்டாடியிருப்பேன். திருகுகளை நானே கேட்டுக் கேட்டு வைத்துக்கொண்டேன். திருப்பி அனுப்பிய நான்கு அத்தியாயத்தையும் மறுபடி வாசித்து அனுப்பினேன். பெரிய காது ஒரே வரி எழுதினார்: "ரகசியம் கேட்கிறது."

மாடியறை வேண்டாம். நீங்கள் எனக்குக் கெட்டது செய்துவிடுவீர்கள் என்று அல்ல. அங்கே உட்கார்ந்து வாசித்தால், அந்த முள் ஆடும்போதெல்லாம் விற்ற வீட்டின் எந்த அறை இங்கே எந்தச் சுவரானது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன். கதை ஓடாது.

நீங்கள் ஸ்டுடியோ எடுக்க வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று பல நாள் யோசித்தேன். சண்டை போட்டிருப்பேன். அம்மா சொல்வது உண்மை. அழுதுமிருப்பேன். அதன்பிறகு ஒருநாள் கையெழுத்து போடும் இடத்துக்கு நானே கூட வந்திருப்பேன் என்றும் தோன்றுகிறது. அது நிஜமா என்று இனிமேல் எனக்கே தெரியப் போவதில்லை. அந்த வாய்ப்பையும் சேர்த்துத்தான் விற்றிருக்கிறீர்கள்.

அண்ணிக்கு என் அன்பு. அவர்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். என் புது முகவரி அவர்களிடம் இருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டாம், அவர்களும் சொல்ல வேண்டாம்.

போன் செய்யச் சொல்லி அம்மா எழுதியிருந்தார்கள், என் குரலைக் கேட்க வேண்டும்போல இருக்கிறது என்று. அந்த நாவல் போன வாரம் வெளியாகிவிட்டது. பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மொத்தம் பதினோரு மணி நேரம் பேசியிருக்கிறேன், ஒரு வார்த்தைகூடத் தேயாமல், தெளிவாக. அதில் உங்களுக்கென்று சொன்னது ஒன்றும் இல்லை.